பேரீச்சம்பழம் கிடைக்காத பொருள்கள்

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்ற தெருக்குரலைக் கேட்டு வளர்ந்த கடைசித் தலைமுறை அநேகமாக நாமாகத்தான் இருப்போம். வட ஆற்காட்டுச் சிற்றூர்களில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் ஒலித்த குரல் அது. அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு பொருளாதாரமே இருந்தது என்பதை இன்று எண்ணிப் பார்க்கும்போதுதான் உணர்கிறோம். ஓட்டை விழுந்த அண்டாவுக்கும் கைப்பிடி போன தோசைக்கல்லுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை நாக்கில் இனிக்கும். ஜரிகைப் புடைவைக்கு எவர்சில்வர் பாத்திரம், பழைய தாளுக்குக் காசு, சோற்று வடிநீருக்கு மாட்டுத்தொட்டி என்று வீட்டைவிட்டு வெளியேறும் ஒவ்வொன்றும் எங்கோ போய்ச் சேர்ந்தது. வீட்டின் எல்லையில் நின்று அதை வாங்கிக்கொள்ள ஒருவர் வந்தார்.

ஆனால், பேரீச்சம்பழக்காரர் கையில் எடுத்துப் பார்த்துத் திருப்பித் தந்துவிட்ட பொருள்களும் இருந்தன. காது உடைந்த ஊறுகாய்ச் சாடி, விரிசல் கண்ட மண்பானை, உடைந்த வளையல், தேங்காய்ச் சிரட்டை, முட்டை ஓடு, அடி தேய்ந்த செருப்பு. இந்தக் கட்டுரை அத்தகைய பொருள்களைப் பற்றியது. வீட்டின் ஓட்டை உடைசல்களைக் கொண்டு தோட்டத்தை அலங்கரிப்பது இப்போது நகரத்து ஓய்வுநேரக் கலையாகவும் வார இறுதிப் பயிற்சி வகுப்பாகவும் ஆகிவிட்டிருக்கிறது. நம் ஊர்களில் அதற்கு நெடிய வரலாறு உண்டு. அந்த வரலாற்றைத் தோல் பதனிடும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியிலிருந்து பார்க்கும்போது, வேறெங்கும் எழாத ஒரு கேள்வியும் எழுகிறது.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். 'குப்பை' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் குவியல் என்பதே பொருள். தானியக் குவியலும் குப்பைதான். பிற்காலத்தில் அது சாணமும் சருகும் சேர்ந்த எருக்குழியைக் குறித்தது. 'நிலத்துக்குக் குப்பை அடிப்பது' என்று உழவர் சொன்னால், எரு இடுவது என்றே பொருள். குப்பைமேடு என்பது வீட்டையும் வயலையும் இணைக்கும் இடைநிலைக் களஞ்சியமாக இருந்தது. அங்கேயே முளைத்த குப்பைமேனி சொறிக்கு மருந்தானது. குப்பைக்கீரை குழம்புக்கு ஆனது. வேண்டாதது, அருவருப்பானது, கண்ணுக்குத் தெரியாமல் அகற்ற வேண்டியது என்ற இன்றைய பொருளை அச்சொல் முழுதாக ஏற்றுக்கொண்டது நகர வாழ்க்கையில்தான்.

உடைந்ததை வேறொன்றாக்கும் வழக்கத்துக்கு நம்மிடம் தொல்லியல் சான்றே இருக்கிறது. கீழடி அகழாய்வில் கிடைத்த பொருள்களில் வட்டச் சில்லுகள் குறிப்பிடத்தக்கவை. உடைந்த பானை ஓட்டை ஓரம் தேய்த்து வட்டமாக்கி விளையாடக் கொண்டவை அவை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாண்டி ஆட்டச் சில்லும், இருபதாம் நூற்றாண்டுத் தெருவில் பெண் குழந்தைகள் எறிந்த ஓட்டுச் சில்லும் ஒன்றேபோல் இருப்பது வியப்புக்குரியது. பானை உடைந்ததும் அதன் வாழ்வு முடிந்துவிடவில்லை. அது வீட்டிலிருந்து விளையாட்டுக்கு இடம் பெயர்ந்தது, அவ்வளவுதான். சோளக்கொல்லையில் வைக்கோல் உடம்பின்மேல் கவிழ்த்து, கரி பூசிச் சுண்ணாம்புப் புள்ளி வைத்த பானைத் தலை இன்னொரு இடப்பெயர்வு. அதைத் தோட்ட அலங்காரம் என்று யாரும் அழைக்கவில்லை. கண்ணேறு கழிப்பது, பறவை விரட்டுவது என்று ஒரு வேலையை அதற்குக் கொடுத்தார்கள். ஆனால், அந்தத் தலைக்கு மீசை வரைந்தவர் வேலைக்காக மட்டும் வரையவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த வரிசையில் ஒரு புதிய பொருள் வந்து சேர்ந்தது. 1937இல் இந்தியச் சந்தைக்கு வந்த டால்டா என்ற வனஸ்பதியின் தகர டப்பா அது. மஞ்சள் தகரமும் அதன்மேல் பச்சை மரச் சின்னமுமாக வந்த அந்த டப்பா, உள்ளிருந்த நெய்யைவிட நீண்ட காலம் வாழ்ந்தது. முதலில் அரிசியும் பருப்பும் போட்டு வைக்கும் கலமாக இருந்தது. பிறகு மூடி தொலைந்ததும் தண்ணீர் மொள்ளும் குவளையானது. அடி துருப்பிடிக்கத் தொடங்கியதும் ஆணியால் நான்கு துளையிட்டு, மண் நிரப்பி, துளசியோ கனகாம்பரமோ மேசை ரோஜாவோ நட்டுத் திண்ணையோரம் வைக்கப்பட்டது. தோட்டம் போட நிலமற்ற லட்சக்கணக்கான வாடகை வீடுகளில் தோட்டம் என்பதே ஏழெட்டு டால்டா டப்பாக்கள்தான். அந்த டப்பா தொட்டியாகும்போது ஏற்கெனவே மூன்று முறை பயன்பட்டு முடிந்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அலங்காரம் என்பது ஒரு பொருளின் கடைசிப் பணி. எல்லாப் பயனும் தீர்ந்தபின் எஞ்சிய அழகு.

மற்றவையும் இப்படியே. தாழைமடல்போல் கூர்த்து நிற்கும் கள்ளியின் ஒவ்வொரு நுனியிலும் முட்டை ஓட்டைச் செருகி வெள்ளைப்பூ பூத்ததுபோல் ஆக்கிவைத்த வீடுகள் நம் ஊர்களில் இன்றும் கண்ணில் படுகின்றன. உடைந்த கண்ணாடி வளையல்களை மெழுகுவத்திச் சுடரில் காட்டி வளைத்து, ஒன்றோடொன்று கோத்துச் சரமாக்கி நிலைப்படியில் தொங்கவிட்டது பள்ளி விடுமுறைப் பெண்களின் கலை. நவராத்திரிக் கொலுப் படிகளின் கீழே அமைக்கும் பூங்காவோ முழுக்க முழுக்க இத்தகைய பொருள்களால் ஆன தோட்டம்: ரசம்போன கண்ணாடி குளமாகும், கடுகும் வெந்தயமும் கேழ்வரகும் முளைத்துப் புல்வெளியாகும், தீப்பெட்டி வீடாகும். ஒன்பது நாளில் கலைந்துவிடும் அந்தத் தோட்டத்தை அமைத்தவர்களின் பெயரை எந்தக் கலை வரலாறும் குறித்துவைக்கவில்லை. பெரும்பாலும் அவர்கள் பெண்கள் என்பதும் சிறுவர்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்த பொருள்களில் மிகக் கனமானவை ஆட்டுக்கல்லும் அம்மியும் உரலும். 1950களின் நடுவில் கோயம்புத்தூரில் உருவான மின் மாவரைக்கும் இயந்திரம் மெல்ல மெல்லப் பரவியது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபின் குடிசை வரை சென்றது. அரைக்கும் உழைப்பிலிருந்து பெண்கள் விடுபட்டது வரவேற்கத்தக்கது. அதில் ஏக்கத்துக்கு இடமில்லை. ஆனால், கல்லைப் பேரீச்சம்பழக்காரர் வாங்கமாட்டார். அது மக்கவும் மக்காது. எனவே ஆட்டுக்கல்லின் குழியில் மழைநீர் தேங்கிக் குருவிகள் குளித்தன. அம்மி துவைக்கும் கல்லாகவும் நடைபாதைக் கல்லாகவும் ஆயிற்று. பின்னர் இதையே கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகள் விலைகொடுத்து வாங்கி அல்லி மிதக்கவிட்டு வாசலில் வைத்தன. ஒரே கல், ஓரிடத்தில் இடத்தை அடைக்கும் பொருள். இன்னோரிடத்தில் மரபின் சின்னம். குப்பை என்பதும் கலை என்பதும் பொருளின் இயல்பில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

பெயரற்ற இந்தக் கலைக்கு இந்திய அளவில் ஒரு பெயர் உண்டென்றால் அது நேக் சந்த். 1924இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஷகர்கர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். 1947இன் பிரிவினையில் ஊரை இழந்து இந்தியப் பக்கம் வந்தார். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக வேலை கிடைத்தது. அவர் வேலை பார்த்த இடம், லெ கார்புசியே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரின் திட்டப்படி எழுந்துகொண்டிருந்த சண்டிகர். புதிய நகரத்துக்காகப் பழைய கிராமங்கள் பல இடிக்கப்பட்டன. இடிபாடுகளில் கிடந்த உடைந்த பீங்கான், ஓடு, வளையல், மின்விளக்குக் குமிழ், மிதிவண்டிச் சட்டம் ஆகியவற்றை நேக் சந்த் தம் மிதிவண்டியில் சுமந்து சென்றார். சுக்னா ஏரிக்கு அருகே, எந்தக் கட்டுமானமும் அனுமதிக்கப்படாத அரசு வனப்பகுதியில், 1950களின் இறுதியிலிருந்து இரவு நேரங்களில் யாருமறியாமல் ஒரு தோட்டத்தை அமைத்தார்.

1970களில் அதிகாரிகள் அதைக் கண்டுபிடித்தபோது அது 12 ஏக்கர் பரப்பில் முற்றங்களும் நூற்றுக்கணக்கான உருவங்களுமாக விரிந்திருந்தது. சட்டப்படி ஆக்கிரமிப்பு, இடித்திருக்க வேண்டும். மக்கள் ஆதரவு அதைக் காப்பாற்றியது. 1976இல் பாறைத் தோட்டம் என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளமும் 50 தொழிலாளர்களும் தரப்பட்டனர். 1984இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2015இல் அவர் மறைந்தார். நமக்கு அருகில், பாலக்காட்டுக்குப் பக்கத்திலுள்ள மலம்புழா அணைப் பூங்காவிலும் அவருடைய பாறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. கோவைப் பக்கத்திலிருந்து மலம்புழாவுக்குச் சுற்றுலா போன பலர் அதை நேக் சந்தின் ஆக்கம் என்று அறியாமலேயே பார்த்துத் திரும்பியிருப்பார்கள்.

உலகில் அவருக்கு உறவினர்கள் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இத்தாலியக் குடியேறியான சைமன் ரோடியா என்ற தொழிலாளி 1921 முதல் 1954 வரை தனியொருவராகக் கம்பியும் சிமெண்டும் உடைந்த புட்டிகளும் கொண்டு வாட்ஸ் கோபுரங்களை எழுப்பினார். பிரான்சின் ஷார்த்ர் நகரில் கல்லறைத் தோட்டத்தில் பெருக்கும் வேலை செய்த ரேமோன் இசிதோர் தம் வீட்டையும் தோட்டத்தையும் உடைந்த பீங்கான் சில்லுகளால் மூடினார். மூவருமே எளிய வேலை பார்த்தவர்கள். கலைப்பள்ளி வாசல் மிதிக்காதவர்கள். பகல் வேலை முடிந்தபின் தம் கட்டுமானத்தைத் தொடர்ந்தவர்கள். ஆனால், நேக் சந்திடம் ஒரு தனித்தன்மை இருக்கிறது. அவர் பொறுக்கியவை வெறும் உடைசல்கள் அல்ல. ஒரு நவீன நகரத்துக்காக அழிக்கப்பட்ட கிராமங்களின் அடுப்படியும் முற்றமும் அவை. ஊரை இழந்த ஒருவர், ஊரிழந்த பிறரின் பொருள்களைக் கொண்டு ஓர் ஊரைக் கட்டினார். அதனால்தான் அவருடைய தோட்டத்தை வெறும் அழகுபடுத்தல் என்று நம்மால் கடந்துவிட முடிவதில்லை. அது ஒரு நினைவுச் சின்னம்.

அந்த நினைவுச் சின்னமும் பாதுகாப்பாக இல்லை. 1989இல் அதன் ஊடே சாலை போட இயந்திரங்கள் வந்தபோது மக்கள் கைகோத்து நின்று தடுத்தனர். 2025இல் உயர்நீதிமன்றத்தை ஒட்டிய சாலை விரிவாக்கத்துக்கும் வாகன நிறுத்தத்துக்குமாக அதன் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. இடிபாடுகளிலிருந்து எழுந்த தோட்டத்தின் ஒரு பகுதி மீண்டும் இடிபாடாயிற்று.

இப்போது பாலாற்றங்கரைக்குத் திரும்புவோம். தோல் தொழிலுக்கும் தோட்டத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நெருக்கமான உறவு இருந்தது. நம் பகுதியில் தோல் பதனிட முதன்மையாகப் பயன்பட்டது ஆவாரம்பட்டை. பொங்கலுக்கு முந்தைய நாள் வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்ட நாம் எடுக்கும் மஞ்சள் ஆவாரம்பூவின் செடியேதான். பூ வீட்டின் கூரைக்கு. பட்டை தோல் ஷாப்பின் தொட்டிக்கு. கடுக்காயும் உடன் சேரும். சாறு இறங்கியபின் எஞ்சிய பட்டைச் சக்கை வெறும் மரப்பொருள். எரிக்கலாம், மண்ணில் மக்கவிடலாம். ஐரோப்பாவிலும் இதே கதைதான். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் ஹாலந்திலும் பனிநாட்டுக் கண்ணாடி வீடுகளுக்குள் அன்னாசி பழுத்ததற்குத் தோல் பதனிட்டு மிஞ்சிய கருவாலிப் பட்டைச் சக்கையே காரணம். தொட்டியில் நிரப்பிய சக்கை மெல்லப் புளித்து மாதக் கணக்கில் வெப்பம் தரும். அந்த வெப்பத்தில் அன்னாசிச் செடியின் வேர் உறங்காமல் இருக்கும். செல்வந்தர்களின் விருந்து மேசையை அலங்கரித்த பழம், ஊர்க்கோடியில் நாறிய பட்டறையின் கழிவில் விளைந்தது.

குரோமியம் இந்த உறவை அறுத்தது. சென்னை மாகாணத்தில் குரோம் முறைப் பதனிடுதலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அறிமுகப்படுத்தினார். பட்டையில் வாரக் கணக்கில் ஊறவேண்டிய தோல், குரோம் உப்பில் ஓரிரு நாள்களில் பதமாகியது. 1970களில் சீதாராமையா குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கப்பட்ட தோலையும் காலணிகளையும் ஊக்குவித்தது. ஆம்பூர் இன்று உலகக் கால்களுக்குக் காலணி செய்யும் ஊராக வளர்ந்ததன் பின்னணி இது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், மாதச் சம்பளம் பெற்றதும் இதனால்தான். அந்த வரவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால், செலவுக் கணக்கும் இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாகக் கூறிய ஆய்வை எடுத்துக்காட்டியது. குரோம் பதனிடுதலில் 170 வகை வேதிப்பொருள்கள் வரை பயன்படுவதையும் பதிவு செய்தது. மாசுபடுத்துபவரே இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக வேரூன்றியது அந்தத் தீர்ப்பின் வழியே. ஏறக்குறைய 29 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று பாலாறு குறித்து மீண்டும் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டோருக்கு அரசு இழப்பீடு வழங்கி, அதை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க வேண்டும் என்று அது ஆணையிட்டது. ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில், தோல் தொழிலுக்கு வேண்டிய குரோமியச் சேர்மங்களைத் தயாரித்து 1990களில் மூடப்பட்ட ஆலை ஒன்று ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. 2006இல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலொன்றில் ராணிப்பேட்டை இடம்பெற்றது அதனால்தான். கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபின், நீர் பிரிந்து உப்பு எஞ்சியது. அந்த உப்பை என்ன செய்வது என்பது இன்னொரு கேள்வி.

இவைதாம் பேரீச்சம்பழம் கிடைக்காத பொருள்கள். நேக் சந்தே வந்தாலும் இவற்றைக் கொண்டு ஒரு மயிலைச் செய்ய முடியாது. ஆம்பூரில் காலணி வெட்டி மிஞ்சும் வண்ணத் தோல் துண்டுகள் பார்வைக்கு அழகானவை. பூத்தொட்டிக்கு உறையாகவும் தொங்கு கூடையாகவும் தைக்க உகந்தவைபோல் தோன்றும். குரோமில் பதனிட்ட தோலாக இருந்தால், உலர்ந்த இடத்தில் பையாகவோ பொம்மையாகவோ அது நீடிக்கலாம். மண்ணுக்குள் புதைக்கவோ உரக்குழியில் போடவோ கூடாது. எரிப்பது அதைவிடக் கேடு, ஏனெனில் எரியும் சூட்டில் குரோமியம் நஞ்சு மிகுந்த வடிவத்துக்கு மாறக்கூடும். பட்டைத் தோலின் கழிவு தோட்டத்துக்கு உணவானது. குரோம் தோலின் கழிவுக்குத் தோட்டத்தில் இடமில்லை. நூறாண்டு இடைவெளியில் ஒரே ஊரின் ஒரே தொழிலில் நிகழ்ந்த மாற்றம் இது.

இன்னொன்றையும் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. கட்டுமானம் நடக்கும் வீட்டின் முகப்பில் பூசணிக்காயோடு பழைய செருப்பையும் தொங்கவிடும் வழக்கம் நமக்குத் தெரியும். தீண்டத் தகாதது என்று கருதப்பட்ட தோல், தீங்கை விரட்டும் காப்பாகவும் கருதப்பட்டது. பொருளுக்குக் கிடைத்த இந்த மறுவாழ்வு அதைத் தொட்டு உழைத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற டி. செல்வராஜின் 'தோல்' நாவல் திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களைப் பற்றியது. அதைப் படித்தவர்கள் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கியவர்கள் யார் என்பதை மறக்க மாட்டார்கள். குப்பையிலிருந்து கலை செய்பவரை நாம் பாராட்டுகிறோம். குப்பையைத் தரம் பிரித்துத் தருபவரின் கையுறையைப் பற்றிக் கேட்பதில்லை. வேலூரிலிருந்து தொடங்கி, வீட்டுக் கழிவை வாசலிலேயே தரம் பிரித்து மறுபயனுக்கு அனுப்பும் முறையைப் பல மாநிலங்களுக்குக் கொண்டுசென்ற சி. சீனிவாசனின் பணியை இங்கு நினைக்கலாம். 'வேலூர் சீனிவாசன்' என்றே அறியப்படும் அவருடைய முறையில், குப்பை என்ற சொல்லுக்குப் பதிலாக வளம் என்ற சொல் வழங்குகிறது. ஒருவகையில் அது பழைய தமிழுக்குத் திரும்புவதுதான்.

நம் மாணவர்களிடம் அவரவர் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் பயனற்ற பொருள்களை எழுதிவரச் சொன்னதுண்டு. பெரும்பாலான பட்டியல்களில் உரலும் அம்மியும் இருந்தன, டயர் இருந்தது, தண்ணீர்ப் புட்டிகள் இருந்தன. வாணியம்பாடிப் பக்கத்து மாணவி ஒருத்தி தன் பட்டியலின் கடைசியில் 'கிணறு' என்று எழுதியிருந்தாள். உப்பேறியதால் இறைப்பு நின்று, கம்பி வலையிட்டு மூடி, மேலே பூந்தொட்டிகள் வைத்திருக்கிறார்களாம். தொட்டிகளுக்கு ஊற்றும் தண்ணீர் லாரியில் வருகிறது.

இதைக் கேட்டபின் வீட்டு உடைசல்களால் தோட்டம் செய்யும் கலையை நாம் எப்படிப் பார்ப்பது? வேண்டாம் என்று தள்ளத் தேவையில்லை. கல்லும் மண்ணும் பீங்கானும் கண்ணாடியும் எத்தனை முறை வேண்டுமானாலும் பிறவி எடுக்கட்டும். டயரைத் தொட்டியாக்குபவர்கள் கொசு முட்டையிடாதபடி அடியில் துளையிட மறக்க வேண்டாம். ஆட்டுக்கல் குழியின் நீரை வாரம் ஒருமுறை கொட்டி மாற்ற வேண்டும். ஆனால், ஒரு பொருளைக் கையிலெடுக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. இது இதற்குமுன் யாருடைய வீட்டில், என்ன வேலை செய்தது? இது மண்ணில் இறங்கினால் மண் அதை ஏற்குமா? முதல் கேள்விக்கு நேக் சந்த் தம் வாழ்நாள் முழுவதும் விடை தேடினார். இரண்டாவது கேள்வியைப் பாலாறு இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது.